மணல் வராத கரை

ஓர் ஊரின் வரலாற்றை இரு வகைச் சின்னங்கள் தாங்கி நிற்கின்றன. ஒன்று, கல்வெட்டுப் பதித்த சின்னம். கட்டியவர் யார், கட்டிய ஆண்டு எது, திறந்து வைத்த பெருமகனார் எவர் என்பதெல்லாம் அதன் நெற்றியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, கல்வெட்டு இல்லாத சின்னம். மாலை வேளைகளில் வாலிபர்கள் கூடிய திடல், நின்று பாட்டுக் கேட்ட சன்னலோரம், பந்து விளையாடிய மணற்பரப்பு ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும் வரை அவையும் இருக்கும். அவர்கள் கண்மூடினால் அவையும் கண்மூடும்.

வடசென்னையின் இராயபுரத்தில் பெரியவர் ஒருவரோடு அண்மையில் ஒரு மாலை நடந்தோம். துறைமுகத்தில் சரக்கைச் சரிபார்த்துக் கணக்கெழுதும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைக் கடந்த வயது. கீழக்கரையிலிருந்து அவருடைய பாட்டனார் காலத்தில் வந்து குடியேறிய குடும்பம். கல்மண்டபத்திலிருந்து மெல்ல நடந்து கடலோரச் சாலையை அடைந்தோம். கரை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. சாலை, அதனை அடுத்துக் கொட்டப்பட்ட கருங்கற்குவியல், அதனை அடுத்து அலை.

பெரியவர் தம் கைத்தடியை உயர்த்தி, கற்களுக்கு அப்பால் நீர் புரளும் ஓரிடத்தைக் காட்டினார்.

“அதோ, அங்கேதான் நாங்கள் பந்து விளையாடுவோம்” என்றார்.

“எங்கே மாமா? தண்ணீரிலா?” என்று கேட்டோம்.

“அப்போது அது தண்ணீர் இல்லையப்பா” என்றார் அவர்.

வீடு திரும்பிய பின்னும் அந்தச் சொல் நம்மை விடவில்லை. விளையாடிய திடலில் வீடு எழும்புவதை நாம் பார்த்திருக்கிறோம். திடலே கடலாகிப் போவது எப்படி? அதைத் தேடப் புகுந்தபோது கடல் கொண்ட திடலின் கதையோடு, மனிதர்கள் கூடிய வேறு பல இடங்களின் கதையும் சேர்ந்தே வந்தது.

இராயபுரம் என்னும் பெயரில் இருப்பவர் இராயப்பர். கிறித்தவர்கள் பேதுரு என்றும் பீட்டர் என்றும் அழைக்கும் அடியாருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர் அது. துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளால் ஆனவை அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகோட்டிகளின் சமூகம் 1829-இல் எழுப்பியதே இராயப்பர் ஆலயம். ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

அதன் பின் வந்த கல்வெட்டுச் சின்னங்கள் பல. 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் இரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாள் இங்கிருந்து வாலாஜா வரை வண்டி ஓடியது. தென்னாட்டில் பொதுமக்களை ஏற்றிச் சென்ற முதல் இரயில் அதுவே. பம்பாயிலும் ஹௌராவிலும் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லாமையால், இந்தத் துணைக்கண்டத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய நிலையக் கட்டடம் என்னும் பெருமையும் இராயபுரத்துக்கே உரியது. 1910-இல் பார்சிப் பெருமகன் பிரோஜ் கிளப்வாலா, இறந்துபோன தம் மகன் ஜால் நினைவாக இங்கே அக்கினிக் கோயில் ஒன்றை எழுப்பினார். 1782-இல் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே வளர்ந்து பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. முதியவர்கள் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். சற்றுத் தள்ளித் தங்கசாலையில் 1948-இல் எழுந்த மணிக்கூண்டின் கடிகாரம் கனி அண்டு சன்ஸ் நிறுவனத்தார் அமைத்தது. ஹாஜி அப்துல் அஜீஸ் என்பார் தொடங்கிய நிறுவனம் அது. ஊருக்கு நேரம் காட்டியதில் நம்மவர் பங்கும் உண்டு.

இவை எல்லாம் நிற்கின்றன. நிற்காமல் போனவற்றைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

முதலில் அந்தக் கடற்கரை. சோழமண்டலக் கடலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குப் பருவக் காற்றின் காலம் முழுவதும், அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக் கொண்டே போகும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு மணல் திரும்பி வரும். ஆயினும் மொத்தக் கணக்கில் வடக்கே செல்வதே மிகுதி. ஒவ்வொரு கரையும் தெற்கேயிருந்து மணலைப் பெறுகிறது. வடக்கே உள்ள கரைக்கு அதைக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் வரை கரை தேயாது.

1870-களின் நடுவில் சென்னையில் துறைமுகப் பணி தொடங்கிற்று. கடலுக்குள் இரண்டு பெரிய கல் கரங்கள் நீட்டப்பட்டன. 1881-ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கேயிருந்து வந்த மணல் அந்தக் கரத்தில் முட்டி நின்றது. கிழக்கு நோக்கி இருந்த வாயிலையும் மணல் நெருக்கத் தொடங்கவே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் அதனை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார். துறைமுகம் பிழைத்தது. ஆனால் முட்டி நின்ற மணல்?

அதுதான் மெரினா! கடல் ஒரு காலத்தில் கோட்டைச் சுவரை நெருங்கி இருந்தது. அது விலகி விலகிச் சென்றது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா எனப் பெயர் சூட்டினார். இன்று அந்த மணற்பரப்பின் சராசரி அகலம் ஏறத்தாழ 300 மீட்டர். சென்னையே திரண்டு காற்று வாங்கும் அந்த மணல், இயற்கையின் வழியில் விடப்பட்டிருந்தால் இராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் சென்றிருக்க வேண்டிய மணல். தெற்கே நின்றுவிட்டதால் வடக்கே வரவு அற்றுப் போயிற்று. செலவு மட்டும் நிற்கவில்லை. ஆண்டுதோறும் கடல் உள்ளே வந்தது. மீனவர் குடியிருப்புகள் பின்வாங்கின; பின்வாங்கவும் இடமின்றிச் சில அழிந்தன. கருங்கல் கொட்டி அலையை மறித்தார்கள். வீடும் சாலையும் காப்பாற்றப்பட்டன, கரை காப்பாற்றப்படவில்லை. பெரியவர் பந்து விளையாடிய திடல் தண்ணீருக்குள் போன வரலாறு இதுவே.

மணலுக்கு நேர்ந்தது மனிதர்க்கும் நேர்ந்தது. தென்னிந்திய இரயில்வேயின் தொட்டில் இராயபுரம். மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வேயின் தலைமையிடம் 1922 வரை இங்கேதான் இருந்தது. இரயிலோடு வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். மக்கள் வழக்கில் ‘சட்டைக்காரர்’. இராயபுரத்திலும் பெரம்பூரிலும் அவர்கள் குடும்பங்கள் நிறைந்திருந்தன. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, பட்டறை மேற்பார்வையாளர், தந்தி எழுத்தர் என அவர்கள் வாழ்வே இருப்புப் பாதையோடு பிணைந்தது. அவர்களுடைய மாலைகளின் நடுவிடம் பெரம்பூர் இரயில்வே இன்ஸ்டிடியூட்.

பெரியவர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக் கொண்டார். பள்ளியில் அவருடன் படித்த தோழன் ஒருவன் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன். பதினாறு, பதினேழு வயதில், ஒரு சனிக்கிழமை இரவு இருவரும் சைக்கிளில் சென்றார்களாம். தோழன் உள்ளே போய்விட்டான். இவர் சன்னலுக்கு வெளியே நின்றார். மரத்தளத்தில் மெழுகைச் சீவித் தூவிக் காலால் தேய்த்து வழுக்க வைத்திருந்தார்கள். சாக்ஸபோனும் டிரம்மும் முழங்கின. இளைஞர்களும் யுவதிகளும் இணை இணையாகச் சுழன்றார்கள். தாய்மார்கள் சுவரோரம் வரிசையாக நாற்காலியில் அமர்ந்து, கண் இமைக்காமல் காவல் இருந்தார்கள்.

“வாப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்” என்றார்.

நம் வீடுகளில் ஏற்கப்பட்ட பழக்கமன்று அது. அதனை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை. அதற்காக அந்த மக்களைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை. அவர்களுக்கு அது களியாட்டம் மட்டுமன்று. பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்தது அங்கே. மணம் பேசப்பட்டது அங்கே. வண்டியில் இருந்து இறங்கிய ஓட்டுநர் தன் சமூகத்தின் முகத்தைப் பார்த்தது அங்கே. எந்தச் சமூகத்துக்கும் அப்படியோர் இடம் வேண்டும்.

அந்த இடம் ஏன் ஒடுங்கிற்று? இந்தியா உரிமை பெற்றபின், அரசியல் சட்டத்தின் 336-ஆவது பிரிவு, இரயில்வே, சுங்கம், தபால், தந்தி ஆகிய துறைகளில் ஆங்கிலோ இந்தியர்க்கு இருந்த சிறப்பிடங்களை இரண்டாண்டுக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு வீதம் குறைத்துப் பத்தாண்டில் முடிக்க வகை செய்தது. 1960-இல் அது முடிந்தது. அதற்கு முன்பும் பின்பும் குடும்பம் குடும்பமாக அவர்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினார்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. பெரியவரின் தோழனும் போனவர்களில் ஒருவன். ஆடியவர்கள் போன பின் மரத்தளத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

ஆங்கிலோ இந்தியரும் தமிழரும் ஒரே மேடையில் ஏறியது வேறோர் இடத்தில். அது குத்துச்சண்டை வளையம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையில் பரம்பரைகள் பிரிந்து மோதின. துறைமுகத் தொழிலாளியும் மீனவனும் பட்டறைக்காரனும் மாலையில் கையுறை மாட்டினார்கள். இரயில்வேக்காரர் நாட் டெர்ரியின் பெயரும், அவரை வென்ற சார்பட்டாவின் கித்தேரி முத்துவின் பெயரும் இன்றும் இப்பகுதியில் சொல்லப்படுகின்றன. வெள்ளைக்காரன் கற்றுக் கொடுத்த ஆட்டத்தில் உள்ளூரான் வென்றான் என்பதால் அந்த வெற்றி வெறும் விளையாட்டு வெற்றியாக எண்ணப்படவில்லை. 1980 ஜனவரியில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் மோதியபோது, நேரு விளையாட்டரங்கில் திரண்டவர்களில் வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக் கூட்டமும் இருந்தது. நம் வீடுகளில் அன்று அந்தப் பெயரைச் சொல்லாத சிறுவன் உண்டா! ஆனால் உள்ளூர் வளையத்தில் சண்டை மேடையோடு நிற்காமல் பார்வையாளரிடையேயும் பரவத் தொடங்கியபின், பரம்பரைப் போட்டிகளின் மவுசு குன்றிற்று. 2021-இல் ஒரு திரைப்படம் வந்த பிறகே அடுத்த தலைமுறை அப்படியொன்று இருந்ததை அறிந்தது.

திரையரங்குகளின் கதையும் அப்படியே. தண்டையார்பேட்டையில் 1967-இல் திறந்த அகஸ்தியா, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடி, நோய்த்தொற்றுக் காலமான 2020-இல் நிரந்தரமாகக் கதவடைத்தது. ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்து நேரே மாலைக் காட்சிக்கு ஓடிய தொழிலாளர்கள்தாம் அதற்கு உயிர். மணலியில் 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பின் அசோக் லேலண்டு ஆன வாகன ஆலை. திருவொற்றியூரில் 1955-இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள். அங்கேயே விம்கோ தீப்பெட்டி ஆலை. நாட்டுக்கு வேண்டியதை எல்லாம் இந்தப் பட்டை செய்து கொடுத்தது. எண்ணூர்க் கழிமுகம் ஒரு காலத்தில் சென்னைத் துரைமார்கள் ஓய்வு நாள்களில் படகோட்டச் சென்ற அழகிய நீர்நிலை. 1970-இல் அங்கே அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 450 மெகாவாட் வரை மின்சாரம் நகருக்குப் போயிற்று. சாம்பல் இங்கே தங்கிற்று. 2017 மார்ச்சில் அந்த நிலையமும் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் திருவொற்றியூருக்கு வந்தபோது நிலையங்களுக்குச் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: சுங்கச்சாவடி, தேரடி, விம்கோ நகர். சாவடியில் இன்று சுங்கம் வாங்குவார் இல்லை. பெயர் மட்டும் நிலையப் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நம் குடும்பங்களின் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த இடம் ஒன்று உண்டு. அது கப்பல் துறை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக் கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. பாட்டனாரும் தந்தையாரும் சபூர் சென்றது அதில். டிரங்குப் பெட்டியும் ஊறுகாய்ச் சாடியும் தலையணை உறையில் சுருட்டிய கைலியுமாக அவர்கள் ஏறினார்கள். துறையில் நின்றவர்கள் கப்பல் கண்ணுக்கு மறையும் வரை கைக்குட்டையை அசைத்தார்கள். வழியனுப்ப வந்த இளைஞர்களுக்கு அதுவே உலகைப் பார்க்கும் சன்னல். 1970-களில் ரஜுலாவின் இடத்துக்கு ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றது. அதன் பின் நம்மவர்கள் மீனம்பாக்கத்திலிருந்து பறந்தார்கள். கைக்குட்டை அசைக்க ஒரு துறை தேவைப்படவில்லை.

நடன மண்டபம், குத்துச்சண்டை வளையம், திரையரங்கு, கப்பல் துறை, கடற்கரை: ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இவற்றுள் எதையும் ஒருவர் திட்டமிட்டு இடித்துத் தள்ளவில்லை. வர வேண்டியது வராமல் நின்றது, அதனால் தேய்ந்தன. மண்டபத்துக்கு இளைஞர்கள் வரவில்லை. துறைக்குக் கப்பல் வரவில்லை. கரைக்கு மணல் வரவில்லை. நகரம் வேறு திசையில் அகலமாயிற்று.

அப்படியானால் கண்ணீர் வடித்துவிட்டுப் போவதுதானா? இல்லை. இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடலுக்குள் குறுக்காகச் சில கல் வரிசைகள் நீட்டப்பட்டன. மீனவர்கள் அவற்றைத் தூண்டில் வளைவு என்பார்கள். அலை கொண்டு போகும் மணலில் ஒரு பங்கை அவை பிடித்து வைக்கின்றன. இரண்டு வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் மெல்லிய மணற்பரப்பு மீண்டும் தோன்றியிருக்கிறது. முழுக் கரையும் திரும்பவில்லை. திரும்பப் போவதும் இல்லை. தூண்டில் வளைவு ஓரிடத்தில் மணலைப் பிடித்தால் அதற்கு வடக்கே உள்ள ஊர் அதே குறையைச் சொல்லும் என்பதும் மெய். ஆயினும் படகை இழுத்துப் போடவும் வலையை உலர்த்தவும் பிள்ளைகள் ஓடவும் ஒரு கையகல மணல் கிடைத்திருக்கிறது.

நினைவுக்கும் அப்படியொரு தூண்டில் வளைவு வேண்டும். நிலையக் கட்டடத்தைக் காக்கச் சங்கங்களும் நீதிமன்றமும் உண்டு. பெரியவர் நின்ற சன்னலோரத்தைக் காக்க யார் உண்டு? நம் வீட்டுத் திண்ணையில், நாற்காலியில், நோய்ப் படுக்கையில் இருக்கும் முதியவர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தாம். ‘வாப்பா, நீங்கள் பதினாறு வயதில் எங்கே போவீர்கள்? யாரோடு போவீர்கள்? அந்த இடம் இப்போது எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தயங்குவார்கள். பிள்ளைகள் முன் சொல்லத்தக்கதா என்று யோசிப்பார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் இடங்களின் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் வீட்டுப் பத்திரங்களோடு அந்தத் தாளும் இருக்கட்டும்.

அன்று திரும்பும்போது பெரியவரிடம் ஒன்று கேட்டோம்: “மாமா, ஆஸ்திரேலியா போன உங்கள் தோழர் பிறகு கடிதம் எழுதினாரா?”

“இரண்டு, மூன்று எழுதினான். கடைசிக் கடிதத்தில், நம் பந்துத் திடல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான்.”

“என்ன பதில் எழுதினீர்கள்?”

அவர் கடலைப் பார்த்தார்.

“நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன்” என்றார்.